மறைவில் உண்ணும் மருந்து



நாளுக்கு ஒரு மாத்திரை. அரசு மருத்துவமனையில் விலையின்றிக் கிடைப்பது. ஒழுங்காக உண்டால் நீண்ட ஆயுள் உண்டு. விட்டால் உயிருக்கே ஆபத்து. இருந்தும், எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் பெரியோருள் சிலர் அதை இடையில் நிறுத்திவிடுகின்றனர். "பொறுப்பில்லாதவர்கள்" என்று நாம் எளிதில் தீர்ப்பிட்டுவிடுகிறோம். உண்மை அதுதானா?

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வால், இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அன்று இதற்கு மருந்தில்லை. 2004 ஏப்ரல் முதல் நாளன்று நம் அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. தாம்பரம் மருத்துவமனை அத்தொடக்க மையங்களுள் ஒன்று.

இம்மருந்து கிருமியை அடக்குமேயன்றி அறவே அழிப்பதில்லை. சில உயிரணுக்களுள் அது உறங்கிக் கிடக்கும். மருந்து நின்றால் சில வாரங்களிலேயே மீண்டும் பெருகும். விட்டுவிட்டு உண்டால், மருந்துக்கு அடங்காததாகவும் மாறக்கூடும்.

பின் ஏன் நிறுத்துகின்றனர்? உடல் தேறியதும் "இனி எதற்கு?" என்ற எண்ணம் சிலருக்கு. மருந்து வாங்கச் சென்றால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பது சிலரது கவலை. மனச்சோர்வும் மதுவும் சிலரை வீழ்த்துகின்றன. செபத்தால் குணமாயிற்று என நம்பி நிறுத்துவோரும் உளர். செபமும் மருந்தும் பகையல்ல. மருத்துவரை மதிக்கவும் மருந்தை ஏற்கவும் சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரத்தில் கற்பிக்கிறதன்றோ?

இவற்றினும் கொடியது அச்சம். ஒரே அறையில் அனைவரும் உறங்கும் வீட்டில், மாத்திரையை எங்கே வைப்பது? திருமண வீட்டில் பலர் நடுவே எப்படி உண்பது? "இது எதற்கு மருந்து?" என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? அந்தக் கேள்விக்கு அஞ்சியே அன்றைய மாத்திரை விடுபடுகிறது. ஒருநாள் இருநாளாகி, இறுதியில் மையத்துக்குச் செல்வதே நின்றுவிடுகிறது.

அவர்கள் அஞ்சுவது யாருக்கு? நமக்குத்தான். நம் வம்புப் பேச்சுக்கும், தனியே ஒதுக்கி வைக்கும் தட்டுக்கும். சேர்ந்து உண்பதால் இக்கிருமி பரவாது. மருந்தைத் தவறாது உண்டு, கிருமி சோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்து அந்நிலையிலேயே இருப்பவரிடமிருந்து தாம்பத்திய உறவாலும் தொற்றுவதில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களை ஒதுக்குவதைத் தடை செய்கிறது. ஆனால் சட்டம் நம் அடுக்களைக்குள் வந்து காவல் நிற்காது. அங்கே அன்புதான் ஆள வேண்டும்.

பெற்றோரே, அண்டை வீட்டாரே! ஒருவர் மாத்திரை உண்ணக் கண்டால் காரணம் கேளாதீர்கள். ஒரு குவளை தண்ணீர் கொடுங்கள். மருந்தை விட்டவர் திரும்பி வந்தால் கடிந்து பேசாதீர்கள். மையத்துக்குத் துணையாகச் செல்லுங்கள். மறைவில் உண்ணும் மருந்து எளிதில் தவறும்; அன்பானவர் அருகிருக்க உண்ணும் மருந்து நிலைக்கும்.