ஒப்புக்குச் சப்பாணி

பங்குப் பேரவைக் கூட்டமோ, உறவினர் வீட்டுக் கல்யாணப் பேச்சோ, எங்கே போனாலும் ஓரமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டால், "என்னை விடுங்க, நான் ஒப்புக்குச் சப்பாணி" என்று சிரிப்பார். பெயரளவுக்குச் சேர்க்கப்பட்டவர், அவர் சொல்லுக்கு எடையில்லை என்ற பொருளில்தான் இன்று நாம் அச்சொல்லைப் பயன்படுத்துகிறோம். ஆனால், நம்மில் பலர் அதை முதன்முதலில் கற்றுக்கொண்ட இடம் தெரு. அங்கே அதற்கு இருந்த மரியாதையே வேறு.

கண்ணாமூச்சியோ, ஓடிப்பிடித்தலோ தொடங்கும் நேரம். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு வயதுத் தம்பியும் வந்து நிற்பான். அவனைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் அழுவான். அழுகைச் சத்தம் வீடுவரை கேட்டால் அக்காவும் ஆட்டத்தை இழப்பாள். சேர்த்துக்கொண்டாலோ முதல் நிமிடத்திலேயே அவுட். எனவே பிள்ளைகள் ஒரு சட்டம் செய்து வைத்திருந்தார்கள்: இவன் ஒப்புக்குச் சப்பாணி. (உப்புக்குச் சப்பாணி என்று சொல்லும் ஊர்களும் உண்டு.) அவன் ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். பிடிபட்டால் அவுட் இல்லை. தூணுக்குப் பின்னால் பாதி உடம்பு வெளியே தெரிய ஒளிந்திருப்பான். தேடுகிறவன் அவனைக் காணாதவன்போல் இரண்டு முறை கடந்து போவான். அணி பிரிக்கும்போது ஆள் ஒற்றைப்படையாக வந்தால், இவன் இரு பக்கத்துக்கும் சொந்தம். தான் ஒப்புக்குச் சப்பாணி என்பது அவனுக்குத் தெரியாது. ஒருநாள் அது புரிந்து, "நானும் நிஜமாத்தான் ஆடுவேன், என்னையும் அவுட் ஆக்கணும்" என்று அடம்பிடிப்பான். அன்றைக்கு அவன் பெரியவனாகிவிட்டான் என்று பொருள்.

சப்பாணி என்றால் நடக்க இயலாதவர் என்று ஊர்ப்பேச்சில் பொருள் கொள்கிறோம். பிறரைப் புண்படுத்தவும் அச்சொல் பயன்பட்டிருக்கிறது. பிள்ளைத்தமிழ் இலக்கியத்தில் வரும் பத்துப் பருவங்களுள் சப்பாணிப் பருவம் என்பதும் ஒன்று. அங்கே அது குழந்தை இரு கைகளையும் சேர்த்துத் தட்டி மகிழும் பருவம். தெருவில் நாம் சேர்த்துக்கொண்ட தம்பிக்கு இந்த இரண்டாவது பொருள்தான் பொருத்தம் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆட்டத்தின் விதிகள் எதுவும் தெரியாமல், எல்லாரையும்விட அதிகமாகக் கைதட்டிச் சிரித்தவன் அவன்தானே.

இப்படி ஆட்டத்திலிருந்து அன்றாடப் பேச்சுக்கு வந்த சொற்கள் ஏராளம். அழுகுணி ஆட்டம், போங்காட்டம், ஆட்டையைக் கலைப்பது என்று தேர்தல் செய்திவரை அவை வந்துவிட்டன. இவற்றுள் நமக்கு மிகவும் பிடித்தவை காயும் பழமும். சண்டை போட்ட பிள்ளைகள் 'காய்' விடுவார்கள். அதோடு பேச்சு முறிந்தது. சமாதானம் ஆனால் 'பழம்'. காயாக இருப்பது பழுக்க நாளாகும், ஆனால் பழுக்கும் என்பதை எந்தப் பிள்ளைக்கும் யாரும் விளக்கிச் சொன்னதில்லை. பெரும்பாலும் அடுத்த நாள் மாலை ஆட்டத்திற்கு ஆள் குறையும்போது பழுத்துவிடும்.

தாயக்கட்டத்திலும் இதே சொற்கள்தாம். நாம் நகர்த்துவது காய்; சுற்றி முடித்து நடுக்கட்டத்தில் ஏறிவிட்டால் அது பழம். பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் உள்ளங்கையில் தேய்த்து உருட்ட வேண்டும். கட்டை இல்லாத வீட்டில் சோழியோ, ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த புளியங்கொட்டையோ போதும். கட்டத்தைத் தரையில் சாக்கட்டியால் வரைந்துகொள்ளலாம். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் காய் உள்ளே இறங்கும். எதிராளி எல்லாரும் இறங்கிப் பாதித் தூரம் போயிருப்பார்கள். நமக்கு மட்டும் இரண்டும் மூன்றுமாக விழுந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் பாட்டி முகத்தில் வரும் சிரிப்பு இருக்கிறதே, அது பேரப்பிள்ளை என்றெல்லாம் பார்க்காது! வீட்டுக்கு ஓரடி தூரத்தில் இருக்கும் நம் காயை வெட்டித் தொடக்கத்துக்கே அனுப்பிவிட்டு, "போய்த் தண்ணி குடிச்சிட்டு வா" என்பார். வீட்டில் மிகுந்த மரியாதைக்குரிய பெரியப்பா, சுண்டுவிரலால் கட்டையை மெல்லத் திருப்பிவிட்டு மாட்டிக்கொள்வதும் இங்கேதான். ஆண்டு முழுவதும் அதட்டுகிறவரைப் பார்த்துப் பிள்ளைகள் "அழுகுணி" என்று கத்த அனுமதி கிடைத்த ஒரே இடம் அது.

இவற்றையெல்லாம் நினைக்கும்போது நெஞ்சில் எழும் இனிய வலிக்கு ஆங்கிலத்தில் நாஸ்டால்ஜியா என்று பெயர். வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, 1688-ஆம் ஆண்டு யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உருவாக்கிய சொல் அது. சொந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழ்ந்தவர்களிடம் கண்ட நோய்க்கு அவர் இட்ட பெயர். ஊர் ஏக்கத்தை அவர் மெய்யாகவே ஒரு நோயாகத்தான் கருதினார். இன்று யாரும் இதற்கு மருத்துவரிடம் போவதில்லை. ஆயினும், நோய் என்று அவர் கூறியதில் ஓர் எச்சரிக்கை இருப்பதாக நாம் எடுத்துக்கொள்ளலாம். ஏக்கம் சில நேரங்களில் பொய் பேசும்.

அந்தக் காலத்தில் எல்லாரும் ஒன்றாக விளையாடினோம் என்று மேடைகளில் கூறக் கேட்கிறோம். எல்லாரும் என்றால் யார்? பல ஊர்களில் ஒரு தெருப் பிள்ளைகள் இன்னொரு தெருவுக்குள் பந்தை எடுக்கக்கூடப் போக முடியாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயது ஆனதும் பெண்பிள்ளைகள் தெருவிலிருந்து மறைந்துவிடுவார்கள். பல்லாங்குழிப் பலகையும் திண்ணையும்தான் பிறகு அவர்கள் உலகம். நான்கு வயதுத் தம்பிக்காக விதியையே வளைத்த அதே தெரு, அடுத்த தெருப் பிள்ளைக்காக வளையவில்லை. கிறிஸ்தவர்கள் வாழ்ந்த ஊர்களிலும் நிலை இதுவாகத்தான் இருந்தது. இதையும் சேர்த்து நினைவுகூர்வதே நேர்மை.

இன்றைக்கு வருவோம். நம் பங்கு விழாக்களில் விளையாட்டுப் போட்டி என்றதும் இசை நாற்காலி வந்துவிடுகிறது. பாட்டு நிற்கிறது, நாற்காலி கிடைக்காதவர் வெளியே. முதலில் வெளியேறுவது யார்? கூச்சமுள்ள பிள்ளை, முழங்கால் வலியுள்ள அம்மா. அதாவது, யார் அதிகம் ஆட வேண்டுமோ அவர்தான் குறைவாக ஆடுகிறார். மீதி நேரம் முழுவதும் ஓரமாக நின்று, ஒருவர் எவர்சில்வர் டப்பா பெறுவதற்குக் கைதட்ட வேண்டும். இசை நாற்காலி மீது நமக்குத் தனிப்பட்ட பகை ஏதும் இல்லை, சிரிப்புக்கும் அதில் குறைவில்லை. ஆனாலும், வெளியேறியவருக்கு ஒரு வேலை கொடுக்கலாமே. அடுத்த முறை பாட்டை நிறுத்தும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்துப் பாருங்கள், சிரிப்பு எங்கே இடம் மாறுகிறதென்று தெரியும்.

விளையாட்டைப் பற்றி ஒரு பங்குத்தந்தை இவ்வளவு பேசலாமா என்று கேட்பவர்களுக்குப் புனித தாமஸ் அக்குவினாஸ் துணை நிற்கிறார். 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய இறையியல் தொகுப்பில், விளையாட்டில் ஒரு நற்பண்பு இருக்க முடியுமா என்று கேட்டு, உண்டு என்கிறார். அங்கே ஒரு பழங்கதையையும் நினைவூட்டுகிறார். திருத்தூதர் யோவான் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவரிடம் தொடர்ந்து அம்பு எய்யச் சொன்னார் யோவான். இப்படியே ஓயாமல் எய்ய முடியுமா என்று கேட்க, வில் முறிந்துவிடுமே என்றார் அவர். மனித மனமும் அப்படித்தான் என்றார் யோவான். அக்குவினாஸ் இதோடு விடவில்லை. தானும் சிரிக்காமல், பிறர் சிரிப்பையும் கெடுத்து, கூடியிருப்போருக்குச் சுமையாக இருப்பது குற்றம் என்கிறார். பிறரைக் காயப்படுத்தும் கேலியையும் அதே கண்டிப்போடு விலக்குகிறார்.

பிள்ளைகள் கைப்பேசியிலேயே கிடக்கிறார்கள் என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோம். தெருவை இருசக்கர வாகனங்களுக்குக் கொடுத்ததும், மாலை நேரத்தைத் தனிப்பயிற்சிக்குக் கொடுத்ததும் பிள்ளைகள் அல்லர். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் எத்தனையோ வீடுகளில் பரண்மேல் கிடந்த கேரம் பலகை கீழே இறங்கியது. கைப்பேசியில் லூடோ ஆடியவர்களும் பலர். அந்த லூடோ, நம் நாட்டுப் பச்சீசி ஆட்டத்தைப் பார்த்து உருவாக்கி 1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஆட்டம். தாயத்திற்கு அது தூரத்து உறவு. வளைகுடா நாட்டில் வேலை செய்யும் மகனும், ஊரில் இருக்கும் தாயும் அதில் காய் வெட்டிக்கொள்வதை நாம் குறை சொல்ல மாட்டோம். கைப்பேசியில் நமக்கு ஒரே ஒரு வருத்தம்தான்: அங்கே கட்டை தானே உருளும், எண்ணிக்கையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அழுகுணி ஆட இடமே இல்லை. அதனால் சண்டை இல்லை. சண்டை இல்லாததால் பழம் விடவும் வழியில்லை.

துக்க வீடுகளுக்குப் போகிறவர்கள் இதைக் கவனித்திருக்கக்கூடும். மாலையில் செபமாலை முடியும், இரவு நீளும், விடியும்வரை விழித்திருக்க வேண்டும். பந்தலின் மூலையில் யாரோ சீட்டுக்கட்டைப் பிரிப்பார். நான்கு பேர் சேர்வார்கள், இளையவன் ஒருவனும் பக்கத்தில் வந்து உட்காருவான். இறந்தவர் ஆட்டத்தில் எப்படியெல்லாம் ஏமாற்றுவார் என்று ஒருவர் தொடங்குவார். முதலில் அடக்கிய சிரிப்பு, பிறகு அடங்காத சிரிப்பு. உள்ளே சவப்பெட்டிக்கு அருகில் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் மனைவி, என்னவென்று கேட்பார். தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உங்ககிட்ட மட்டுமா? நாற்பது வருஷமா என்கிட்டயும் அதே அழுகுணி ஆட்டம்தான்" என்பார்.