கல்லீரல் புற்றுக்குக் குறியீடு இடுவது எப்படி?

கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய்களுக்கு, ஐசிடி-10 எனும் பன்னாட்டு நோய்க் குறியீட்டுப் பட்டியலில் உரிய இடம் சி22. குடல், மார்பகம் போன்ற வேறு உறுப்பில் தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவியது சி78.7. மருத்துவக் குறிப்புகளைப் படித்துக் குறியீடு இடும் மெடிக்கல் கோடர் முதலில் தீர்க்கவேண்டியது, புற்று கல்லீரலில் தோன்றியதா, பரவியதா என்ற இந்த ஒரு கேள்வியைத்தான். இதில் பிழைத்தால் பிற்பாடு எதுவும் சரியாக வராது.

கல்லீரல் செல்களில் எழும் புற்று சி22.0, கல்லீரலுக்குள் இருக்கும் பித்தநாளப் புற்று சி22.1, பெரும்பாலும் சிறு குழந்தைகளைத் தாக்கும் ஹெப்பட்டோபிளாஸ்டோமா சி22.2. 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்காவில் நடைமுறையில் உள்ள ஐசிடி-10-சிஎம் வடிவத்தில், முதல்நிலை (கல்லீரலிலேயே தோன்றியது) என்று தெரிந்து வகை தெரியாவிட்டால் சி22.8, முதல்நிலையா பரவியதா என்றே குறிப்பில் இல்லாவிட்டால் சி22.9. சென்னை அலுவலகங்களில் பல பட்டதாரிகள் அன்றாடம் புரட்டும் அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டுகளுக்கு உரிய விதிகள் இவையே.

மற்றப் புற்றுகளுக்குப் பெரும்பாலும் திசு ஆய்வு அறிக்கை கையில் இருக்கும். கல்லீரல் செல் புற்று அப்படியல்ல. ஈரல் சுருக்கம் உள்ளவருக்கு, சிடி அல்லது எம்ஆர்ஐயில் கட்டி தமனிக் கட்டத்தில் பளிச்சிட்டுப் பிறகு மங்கினால், ஊசி குத்தாமலேயே நோயை உறுதிசெய்வார்கள். ஆகவே மருத்துவர் எழுதும் வரிக்கு இங்கே கனம் அதிகம். ரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புற்றுக் குறிப்பான் எவ்வளவு ஏறியிருந்தாலும், அதை மட்டும் பார்த்துக் கோடர் சி22.0 போடக்கூடாது.

"நான்கு செ.மீ. கட்டி, கல்லீரல் செல் புற்றுடன் ஒத்துப்போகிறது" என்று ஒரு குறிப்பு வருகிறது எனக் கொள்வோம். புறநோயாளிக்கு இது உறுதியற்ற கூற்று. புற்றுக் குறியீடு கிடையாது, கண்டறிந்த கட்டியை மட்டுமே பதியவேண்டும். அதே வரி உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் இருந்தால், நோய் இருப்பதாகவே கொண்டு சி22.0 இடலாம். சொல் மாறவில்லை, இடம் மாறியது.

மஞ்சள் காமாலை பி, சி வைரஸ், மதுப்பழக்கம் ஆகியவை பதிவில் இருந்தால் கூடுதல் குறியீடு சேர்க்கவேண்டும் என்று சி22-இன் கீழேயே அறிவுறுத்தல் இருக்கிறது. அவசரத்தில் அதிகம் விடுபடுவது இதுதான். கட்டியை அகற்றி, சிகிச்சை முழுதாக முடிந்து, நோய்க்கான அறிகுறியும் இல்லாதவருக்கு சி22 பொருந்தாது; இசட்85.05 என்ற கடந்தகால வரலாற்றுக் குறியீடே சரி.

குறிப்பு தெளிவில்லாதபோது கோடர் மருத்துவருக்கு வினா அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். ஆனால் "இது முதல்நிலைப் புற்றுதானே?" என்று விடையை ஊட்டும் வினா செல்லாது. ஸ்கேன், ரத்த முடிவுகளை எடுத்துவைத்து, கட்டியின் தோற்றுவாய் எது என்று கேட்பதே முறை.