தீவுக் கடலில் ஒரு நாள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே, ஆழங்குறைந்த கடலிலே சிதறிக் கிடக்கும் தீவுகளைக் கண்டிராதார் நம்மவருள் பலர். தரைவழி புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் கடலே பாதை. சில குடும்பங்கள் ஒன்றுகூடி ஒரு மோட்டார் வள்ளத்தை நாள் வாடகைக்கு அமர்த்திக்கொண்டால், விரும்பிய துறையில் இறங்கி, விரும்பிய நேரம் தங்கி மீளலாம். நாமும் அவ்வாறே சென்றோம்.

துறையை நீங்கியதும் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிற் கோபுரம் நீர்மேல் எழுந்து தோன்றுகிறது. பௌத்தர்கள் போற்றும் நாகதீப விகாரையும் அத்தீவிலேயே உளது. வடக்கே அனலைதீவும் எழுவைதீவும் பனை வரிசைகளாய்த் தெரிகின்றன. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினர். நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. இவற்றுள் கடைசிப் பெயரே இன்றும் பரவலாக வழங்குகிறது.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர ஓட்டம். சாந்தின்றி அடுக்கிய பவளக்கல் மதில்கள், ஒல்லாந்தர் கோட்டை எனப்படும் இடிபாடு, பருத்த பெருக்கு மரம், ஐரோப்பியர் விட்டுச் சென்றவற்றின் வழிவந்து வெளியிலே கட்டின்றித் திரியும் குதிரைகள் ஆகியவற்றை மாணவர்கள் அங்கே கண்ணாரக் காணலாம். கோடையில் நன்னீர் அருகும்போது அக்குதிரைகள் படும் பாடு பெரிது.

மனிதர் பாடும் எளிதன்று. எமது வள்ளத்தின் தண்டையல், “சோளகம் பிலத்தால் வருத்தக்காரரைக்கூட ஏத்தேலாது, தம்பி” என்றார். நாம் அழகென்று நோக்கிய அலைகளைத் தாண்டியே அம்மக்கள் பெரிய வைத்தியசாலைக்கும் மேற்படிப்புக்கும் கந்தோருக்கும் செல்கின்றனர். 1985 மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட ‘குமுதினி’ படகிலே பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டதும் இக்கடலிலேதான். ஆண்டுதோறும் அந்நாளில் தீவு மக்கள் அவர்களை நினைவுகூருகின்றனர்.

செல்ல விரும்புவோர் கடல் அடங்கியிருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களைத் தெரிந்துகொள்வது நன்று. குடிநீரை உடன் எடுத்துச் செல்லுங்கள். சிறுவர் முதல் பெரியோர் வரை யாவரும் உயிர்காப்பு அங்கி அணிந்துகொள்ளுங்கள். திரும்பும்போது வள்ளத்தில் இடமிருந்து, துறையில் ஒரு மூதாட்டி காத்துநின்றால், தண்டையலைக் கேட்டு அவரையும் ஏற்றி வாருங்கள்.