வெள்ளை வட்டும் ஏட்டுச் சுவடியும்

மாத்தளை திருகோணமலை வீதியில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் விற்கிறான் என் சித்தப்பா மகன். போன வாரம் கடைக்குப் போனபோது ஐபோனைத் தராசுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு யோசனையில் இருந்தான். அது அவனுடைய அண்ணன் குவைத்திலிருந்து கொண்டுவந்தது. கையில் அதே ஆப்பிள் நிறுவனத்துக் கடிகாரம், காதில் அதே நிறுவனத்து இயர்பட்ஸ். மோட்டார் சைக்கிள் சாவியில் பத்து ரூபாய்க் குற்றியைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை வட்டு, அதாவது தொலைந்த பொருளைத் தேடித்தரும் ஏர்டாக். அடுத்த போனை ஆண்ட்ராய்டாக வாங்கினால் பாதிக் காசுதான் போகும்.

"போனை மாத்துறது லேசு அண்ணே. அது பின்னால தொங்குறத எல்லாம் எங்க கொண்டு போறது?"

ஒரே நிறுவனத்தின் கருவிகள் ஒன்றையொன்று அறிந்துகொண்டு கூட்டுக் குடும்பமாக இயங்குவதைச் 'சாதனச் சூழலமைப்பு' என்பார்கள். அந்தக் குடும்பத்தை விட்டு வெளியேறுவது என்றதும் எல்லோருக்கும் படங்களைப் பற்றித்தான் கவலை வரும். உள்ளதிலேயே சுலபமானது அதுதான். 100 ஜிபி படங்களை விநாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் மேலேற்ற 22 மணித்தியாலம் பிடிக்கும். கம்பியில் அனுப்பினால், பழைய யுஎஸ்பி வேகத்தில்கூட, ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். படம் எந்தப் போனிலும் படம்தான்.

வாட்ஸ்அப் அவ்வளவு சமர்த்து இல்லை. செயலி ஒன்றுதான் என்றாலும் ஐபோனுக்குள் உரையாடல்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம் வேறு, ஆண்ட்ராய்டில் வேறு. காப்புப் பிரதியும் ஒன்றில் ஐகிளவுடுக்குப் போகிறது, மற்றதில் கூகுள் டிரைவுக்கு. ஒன்றில் சேமித்ததை மற்றது படிக்காது. 2021 முதல் வழி திறந்திருக்கிறது, ஆனால் ஒடுக்கமான வழி. ஐபோனிலிருந்து போகிறவர்கள் பொதுவாகப் புதுப் போனை முதன்முதலாக இயக்கும் வேளையிலேயே இரண்டையும் கம்பியால் பிணைக்க வேண்டும். மறந்துபோய்ப் போனைப் பாவிக்கத் தொடங்கிவிட்டால், பெரும்பாலும் அதை அழித்து முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் வழி.

இனி அந்த வெள்ளை வட்டு. அதற்குள் ஜிபிஎஸ் இல்லை, சிம் இல்லை, இணையமும் இல்லை. ஒரு நாணய பற்றரி, சுமார் ஒரு வருடம் தாங்கும். தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்கே தெரியாது. பிறகு எப்படி, தொலைந்த சாவி உக்குவளையில் கிடக்கிறது என்று போன் காட்டுகிறது?

திறந்த பூட்டுகளை நிறையச் செய்து தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் ஒரு பெட்டியில் எதையாவது வைத்து அந்தப் பூட்டை அழுத்திப் பூட்டலாம். திறக்கும் சாவி உங்களிடம் மட்டும். கணிதத்தில் இந்தத் திறந்த பூட்டுக்குப் 'பொதுச்சாவி' என்று பெயர். வட்டு புளூடூத்தில் ஓயாமல் தன் பொதுச்சாவியைக் கத்திக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் யாரோ ஒருவர் ஐபோனுடன் நடந்து போகிறார். அவருடைய போன் அந்தக் கத்தலைக் கேட்டு, தான் நிற்கும் இடத்தை அந்தப் பூட்டால் பூட்டி, நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பிவிடுகிறது. அவருக்கு எதுவும் தெரியாது. பெட்டியை வைத்திருக்கும் நிறுவனத்தாலும் அதைத் திறக்க முடியாது. பொதுச்சாவி அவ்வப்போது மாறிக்கொண்டே இருப்பதால், வட்டின் குரலை வைத்து ஒருவரைப் பின்தொடர்வதும் கடினம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வித்தையை ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் பிரித்துக் காட்டினார்கள். பொதுச்சாவியின் நீளம் 28 பைட். 'மாத்தளை' என்ற ஒரு சொல்லைக் கணினியில் எழுதவே 21 பைட் வேண்டும் என்றால், எவ்வளவு சின்னது என்று பாருங்கள். அப்படியும் இடம் போதவில்லை. புளூடூத் அறிவிப்பு ஒன்றில் 31 பைட்தான் போகும். அதற்குள் தலைப்புத் தகவல்களும் அடங்க வேண்டும். ஆப்பிள் பொறியியலாளர்கள் என்ன செய்தார்கள்? சாவியின் முதல் 6 பைட்டை அனுப்புநர் முகவரிக்குள் ஒளித்தார்கள். கடிதத்தில் இடம் போதாமல் மிச்சத்தை உறையின் மேல் விலாசமாக எழுதுவது போல. விலாசத்தில் இரண்டு பிட் மட்டும் விதிப்படி மாற்றக் கூடாதவை. அந்த இரண்டையும் கடிதத்துக்குள்ளேயே ஒரு மூலையில் செருகினார்கள்.

ஆக, வட்டு கண்டுபிடிக்கப்படுவது வழியில் போகிறவர்களின் தயவில். இலங்கையில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு. கொழும்பில் அந்த வட்டுக்குக் காது கொடுக்க ஐபோன்கள் ஏராளம். இரத்தோட்டைக்கு மேலே தேயிலை மலையில் சாவி விழுந்தால் ஒரு ஐபோன் அந்தப் பக்கம் வரும்வரை அது கத்திக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். அப்படியென்றால் ஆண்ட்ராய்டுக்குப் போவது லாபமா? கூகுளும் 2024 ஏப்ரலில் இதே போன்ற வலையமைப்பைத் தொடங்கியது. ஆனால் தனியுரிமைக்காக, பல போன்கள் ஒரே பொருளைக் கேட்டால்தான் இடத்தைச் சொல்வது என்பதை இயல்பு அமைப்பாக வைத்திருக்கிறது. பஸ் நிலையத்துக்கு அது பொருந்தும். ஆளரவமற்ற மலைக்கு அதுவும் மௌனம்தான். பழைய வட்டை ஆண்ட்ராய்டில் பதியவும் முடியாது.

கடிகாரத்தின் கதை சுருக்கமானது. ஆப்பிள் கடிகாரம் ஐபோனுடன் மட்டுமே ஜோடி சேரும். இயர்பட்ஸ் பரவாயில்லை, ஆண்ட்ராய்டில் சாதாரண புளூடூத் கேட்பானாகப் பாடும்; கருவிக்குக் கருவி தானாகத் தாவும் சாமர்த்தியம் மட்டும் போய்விடும்.

இதெல்லாம் தற்செயலாக அமைந்ததில்லை. 2021இல் எபிக் கேம்ஸ் நிறுவனம் ஆப்பிளுக்கு எதிராக நடத்திய வழக்கில் சான்றாக முன்வைக்கப்பட்ட மின்னஞ்சல்களில் ஒன்று 2010இல் ஆப்பிளின் அன்றைய தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் எழுதியது. எல்லாத் தயாரிப்புகளையும் ஒன்றோடொன்று கட்டி வாடிக்கையாளரை உள்ளே இன்னும் இறுக்குவது அதில் ஒரு திட்டமாகவே இருந்தது. திட்டமிடாமலும் இப்படி மாட்டிக்கொள்ளலாம் என்பதற்கு நம் பாமினி எழுத்துரு சாட்சி. பாமினியில் தட்டச்சிட்ட கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. தமிழுக்கு 1991இலேயே யுனிகோடில் இடம் கிடைத்தும், எத்தனை அச்சகங்கள் இன்னும் பாமினியில் இருக்கின்றன!

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இந்தச் சிக்கல் புதிதுமல்ல. மாத்தளை நகருக்குச் சற்று வடக்கே, ஏ9 வீதியோரம் அலுவிகாரை என்ற பௌத்த விகாரை. பௌத்த மறைநூலான திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட இடம் என்பது மரபு. வலகம்பா மன்னன் காலம், கிமு முதலாம் நூற்றாண்டு. அதுவரை அது பிக்குகளின் நினைவில் வாழ்ந்தது. கூட்டாக ஓதும்போது ஒருவர் தவறினால் பக்கத்தில் இருப்பவர் காதில் விழும். அந்த வலையமைப்பே பிழைதிருத்தி. பஞ்சமும் போரும் வந்து ஓதுகிறவர்கள் குறைந்தபோதுதான் ஓலைக்கு மாறினார்கள்.

அங்கே இன்றும் எழுதிக் காட்டுகிறார்கள். அவித்துக் காயவைத்து வழவழப்பாக்கிய தாளிப்பனை ஓலையில் எழுத்தாணி ஓடுகிறது, ஒன்றும் தெரியவில்லை. கரிய மையைப் பூசித் துடைத்ததும் கீறல்களுக்குள் மை தங்கி எழுத்துகள் எழும்புகின்றன. அங்கிருந்த பழைய ஏடுகள் 1848 கிளர்ச்சியின்போது ஆங்கிலேயப் படையால் அழிந்தன. நூல் அழியவில்லை, பிரதிகள் வேறிடங்களில் இருந்தன. எழுதிய பின்னும் பிக்குகள் ஓதுவதை விடவில்லை. பிரித் ஓதல் இன்றும் கூட்டாகத்தான் நடக்கிறது.

இந்தக் கதையைத் தம்பிக்குச் சொன்னேன். படங்களை முதலில் ஒரு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுக்கிறானாம். ஆண்ட்ராய்டு வாங்குவான், ஆனால் ஐபோனை விற்க மாட்டான். கடை வைஃபையில், கல்லாப்பெட்டிக்குள் சார்ஜரில் கிடக்குமாம் அது, மோட்டார் சைக்கிள் சாவி எங்கே என்று கேட்பதற்கு.