வேகமும் திசைவேகமும்: பிள்ளைகள் தடுமாறும் ஒரு பாடம்



மாலை வகுப்புக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் பிளஸ் ஒன் பிள்ளைகளும் அறிவியலில் ஒரே இடத்தில் தடுமாறுவதைப் பார்க்கிறோம். சராசரி வேகம் எவ்வளவு, சராசரி திசைவேகம் எவ்வளவு என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே விடையை எழுதிவிடுகிறார்கள். ஆங்கில வழியில் படிப்பவர்களுக்கு இவை ஸ்பீடு, வெலாசிட்டி. பேச்சில் நாம் இரண்டையும் 'வேகம்' என்றே சொல்வதால், குழப்பம் வருவதில் வியப்பில்லை. ஆனால் முடுக்கம், உந்தம், விசை என்று அடுத்து வரும் பாடங்கள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. இங்கே புரியாமல் கடந்துபோன பிள்ளை, கொஞ்ச நாளில் "எனக்கு பிசிக்ஸ் வராது உம்மா" என்று சொல்லும். நாமும் அதை நம்பி, வேறு குரூப் எடுக்கச் சொல்லலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவோம். அந்த முடிவுக்குப் போகும் முன், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை ஒரு தடவை படித்துப் பாருங்கள். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

ஊட்டி மலை ரயிலை எடுத்துக்கொள்வோம். யுனெஸ்கோ 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ரயில் அது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை தண்டவாளத்தின் நீளம் சுமார் 46 கி.மீ. வழியில் 208 வளைவுகள் இருக்கின்றன. மேலே ஏற ஏறத்தாழ 290 நிமிடங்கள், அதாவது ஐந்து மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. 46-ஐ அந்த நேரத்தால் வகுத்தால் மணிக்குச் சுமார் 9.5 கி.மீ. வரும். இதுதான் சராசரி வேகம். கடந்த தூரம் முழுவதையும் எடுத்த நேரம் முழுவதாலும் வகுக்க வேண்டும். இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வழியில் நிற்கிற நேரமும் இதில் சேரும். சும்மா நின்ற நேரத்தைப் பிள்ளைகள் கழித்துவிடுவது உண்டு; கழிக்கக் கூடாது.

இப்போது வரைபடத்தில் மேட்டுப்பாளையத்தையும் ஊட்டியையும் ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். அந்தக் கோட்டின் நீளம் 29 கி.மீ. அளவுக்குத்தான் வரும். புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச் சேர்ந்த இடத்துக்கு, வளைவு நெளிவு எதுவும் இல்லாமல், இன்ன திசையில் இவ்வளவு தூரம் என்று சொல்வதே இடப்பெயர்ச்சி. இதை நேரத்தால் வகுத்தால் கிடைப்பது சராசரி திசைவேகம். 29-ஐ அதே 290 நிமிடத்தால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 6 கி.மீ., வடமேற்குத் திசையில். ரயிலும் நேரமும் மாறவில்லை. எதை வகுக்கிறோம் என்பதுதான் மாறியிருக்கிறது.

இறங்கும்போது அதே ரயிலுக்கு ஏறத்தாழ 215 நிமிடங்கள். அப்போது சராசரி வேகம் மணிக்கு 12.8 கி.மீ.; சராசரி திசைவேகம் மணிக்குச் சுமார் 8 கி.மீ., ஆனால் தென்கிழக்கில். போய்வந்த பயணம் முழுவதையும் ஒன்றாகக் கேட்டால்? வேகத்துக்கு 92 கி.மீ.-ஐ 505 நிமிடத்தால் வகுக்கிறோம், மணிக்குச் சுமார் 10.9 கி.மீ. திசைவேகமோ பூஜ்யம். கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிட்டதால் இடப்பெயர்ச்சி எதுவும் இல்லை. "எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிய ரயிலுக்குப் பூஜ்யமா?" என்று பிள்ளை கேட்டால் சந்தோஷப்படுங்கள், பாடம் உள்ளே போகிறது என்று அர்த்தம். வண்டியின் மீட்டருக்குத் திசை தெரியாது. அது சக்கரம் உருண்டதை மட்டும் கூட்டிக்கொண்டே போகும். திசைவேகம் தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே பார்க்கிறது.

தேர்வில் அடிக்கடி வருவது வட்டப்பாதைக் கணக்கு. 70 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஒருவர் பாதிச் சுற்றை 40 வினாடியில் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓடிய தூரம் 220 மீட்டர், ஆகவே சராசரி வேகம் வினாடிக்கு 5.5 மீட்டர். இடப்பெயர்ச்சி வட்டத்தின் விட்டம், 140 மீட்டர்; சராசரி திசைவேகம் வினாடிக்கு 3.5 மீட்டர். முழுச் சுற்றையும் 80 வினாடியில் முடித்தால் வேகம் அதே 5.5, திசைவேகம் பூஜ்யம்.

இங்கே ஒரு சுவாரசியம். 400 மீட்டர் ஓட்டத்துக்கும் திசைவேகம் பூஜ்யம் என்று மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். மைதானத்தின் உள்பக்க முதல் பாதைக்குத்தான் அது சரி. வெளிப்பாதையின் சுற்றளவு அதிகம் என்பதால் அங்கே ஓடுபவரை முன்னால் தள்ளி நிறுத்துவார்கள். முடிவுக்கோடு எல்லோருக்கும் ஒன்றுதான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 43.03 வினாடியில் உலக சாதனை படைத்த தென்னாப்பிரிக்காவின் வேய்ட் வான் நீகெர்க் ஓடியது எட்டாவது பாதையில். சராசரி வேகம் வினாடிக்கு 9.3 மீட்டர். அவர் தொடங்கிய இடமும் முடித்த இடமும் வேறு வேறு, ஆகவே திசைவேகம் பூஜ்யம் அல்ல. சூத்திரத்தை மட்டும் உருப்போட்ட பிள்ளைக்கு இது பிடிபடாது.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. நேர்கோட்டை விடக் குறுகிய பாதை கிடையாது. ஆகவே சராசரி திசைவேகத்தின் அளவு சராசரி வேகத்தை விட ஒருபோதும் அதிகமாக வராது. திரும்பாமல் ஒரே நேர்கோட்டில் போனால் மட்டும் இரண்டும் சமம். திசைவேகம் பெரிதாக வந்திருந்தால் கணக்கில் எங்கோ தவறு.

இன்னொரு சறுக்கல், சராசரி வேகத்திலேயே இருக்கிறது. 60 கி.மீ. தள்ளியுள்ள ஊருக்கு மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போய், 60 கி.மீ. வேகத்தில் திரும்பினால் சராசரி என்ன? பெரியவர்களும் 45 என்பார்கள். போக 2 மணி நேரம், வர 1 மணி நேரம். 120-ஐ 3-ஆல் வகுத்தால் 40. மெதுவாகப் போனதில் அதிக நேரம் கழிந்திருப்பதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. இரண்டு வேகத்திலும் ஒரே அளவு நேரம் ஓட்டியிருந்தால்தான் 45 சரி.

பைக் வைத்திருக்கும் நம் இளைஞர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 60 கி.மீ. பயணத்தை ஒரு மணி நேரத்தில் முடிக்க நினைத்து, நெரிசலில் முதல் 30 கி.மீ.-க்கே ஒரு மணி நேரம் ஆகிவிட்டால், மீதியில் எவ்வளவு முறுக்கினாலும் அந்தச் சராசரி வராது. நேரம் அப்போதே தீர்ந்துவிட்டது. 20 கி.மீ. தூரத்தை 60-க்குப் பதில் 80-ல் ஓட்டினால் மிஞ்சுவது வெறும் 5 நிமிடம். அதுவும் சிக்னலோ ரயில்வே கேட்டோ குறுக்கே வராமல் இருந்தால்!

வீட்டில் கேட்டுப் பார்க்க ஒரு கணக்கு. ஓர் ஆட்டோ கிழக்கே 3 கி.மீ. போய், பிறகு வடக்கே திரும்பி 4 கி.மீ. போகிறது. மொத்தம் அரை மணி நேரம். சராசரி வேகம் மணிக்கு 14 கி.மீ. இடப்பெயர்ச்சி, பிதாகரஸ் தேற்றப்படி, 5 கி.மீ.; சராசரி திசைவேகம் மணிக்கு 10 கி.மீ. பிள்ளை 10 என்று மட்டும் எழுதியிருந்தால் விடை முடியவில்லை. அலகும் வேண்டும், வடகிழக்கு என்று திசையும் வேண்டும்.