செங்காந்தளின் சிவப்பு எங்கே தொலைகிறது?

மழைக்காலப் புகைப்படப் போட்டிக்குப் படம் அனுப்ப வரும் ஞாயிறு கடைசி நாள். விதிமுறையில் ‘எஸ்ஆர்ஜிபி ஜேபெக் மட்டும்’ என்று ஒரு வரி இருக்கிறது. வந்து குவிந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றியவை. ரா ஃபைலைத் திருத்தும்போது செங்காந்தள் இதழில் நரம்பு நரம்பாகத் தெரிந்ததாம். ஜேபெக் ஆக்கியதும் பெயின்ட் அடித்ததுபோல் ஒரே சிவப்பாகிவிட்டதாம். கேமராவிலா, திரையிலா, எதில் கோளாறு என்று கேட்கிறார்கள். இரண்டிலும் இல்லை. நிறம் தொலைவது எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தும் நொடியில்.

லைட்ரூம் உள்ளுக்குள் புரோஃபோட்டோ ஆர்ஜிபியை ஒட்டிய அகலமான நிறவெளியில் கணக்குப் போடுகிறது. கோடாக் வகுத்த அந்த நிறவெளியின் பெருமையாக அதன் பரப்பைச் சொல்வார்கள். அந்தப் பரப்பில் ஒரு பகுதி எந்தக் கண்ணுக்கும் தெரியாதது. அதன் பச்சை முனையும் நீல முனையும் கணக்கில் மட்டுமே இருக்கும் நிறங்கள். எஸ்ஆர்ஜிபி வேறு கதை. 1996-ல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்தது. உலகத் தரநிலை என்கிறார்கள். அன்றைய குழாய்த் திரைகளால் எவ்வளவு நிறம் காட்ட முடிந்ததோ, அதுதான் அதன் எல்லை.

பெரியதிலிருந்து சிறியதற்கு மாற்றும்போது நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பூவின் அடர்சிவப்புப் புள்ளி ஒன்றை எஸ்ஆர்ஜிபி எண்களாக்கினால் சிவப்பு 255-ஐத் தாண்டலாம். பச்சைக்கு மைனஸ் எண் வரலாம். மைனஸ் வருவது பிழையல்ல. எஸ்ஆர்ஜிபியின் சிவப்புக்கு அந்தப் பூவின் அழுத்தம் இல்லை. அதிலிருந்து கொஞ்சம் பச்சையைக் கழித்தால்தான் பூவின் நிறம் வரும் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் 8 பிட் ஜேபெக்கில் 0-க்குக் கீழே எழுத இடமே கிடையாது. உதாரணத்துக்கு, நரம்பில் பச்சை -12, பக்கத்து இதழில் -30 என்று வைத்துக்கொள்வோம். கோப்பில் இரண்டுமே 0. நரம்பைக் காட்டிய வித்தியாசம் அந்த மைனஸ் எண்களுக்குள் இருந்தது; அதுதான் வெட்டுப்படுகிறது.

இதைத் தவிர்க்கத்தானே ஃபோட்டோஷாப்பில் ‘பெர்செப்சுவல்’ என்ற தேர்வு இருக்கிறது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்கி, இடைவெளிகளைக் காப்பாற்றும் என்பதே அதற்குச் சொல்லப்படும் விளக்கம். எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். அப்படிச் சுருக்குவதற்கு ப்ரொஃபைலுக்குள் ஓர் அட்டவணை வேண்டும். அச்சு இயந்திரங்களின் ப்ரொஃபைலில் அது உண்டு. நாம் பொதுவாகப் பயன்படுத்தும் எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலில் ஓர் அணியும் வளைகோடுகளும் மட்டுமே இருக்கின்றன, அட்டவணை இல்லை. அதனால் ‘பெர்செப்சுவல்’ என்று தேர்ந்தெடுத்தாலும் ‘ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்’ செய்கிற அதே வெட்டுதான் விழும். மென்பொருள் ஓர் எச்சரிக்கைகூடத் தருவதில்லை. பாதுகாத்துவிட்டோம் என்று நம்பிப் படத்தை அனுப்புகிறவருக்கு இது அநியாயம்.

திரை இதில் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. உங்கள் மடிக்கணினித் திரை எஸ்ஆர்ஜிபி அளவே காட்டும் என்றால், திருத்தும்போதே பூ வெட்டுப்பட்டுத்தான் தெரிந்திருக்கும். முன்னும் பின்னும் வித்தியாசமே தெரியாது. சாச்சுரேஷனை ஏற்றிக்கொண்டே போவீர்கள். ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல், லைட்ரூமில் சாஃப்ட் ப்ரூஃபிங்கைப் போட்டு, எஸ்ஆர்ஜிபியைத் தேர்ந்தெடுத்து, கேமட் எச்சரிக்கையை இயக்குங்கள். வெட்டுப்படும் இடங்கள் வேறு நிறத்தில் காட்டப்படும். அங்கே மட்டும் மாஸ்க் போட்டு முதலில் எக்ஸ்போஷரைச் சற்றே குறையுங்கள். 255-ஐத் தாண்டியவை உள்ளே வரும். மைனஸில் கிடப்பவை வெளிச்சத்தைக் குறைப்பதால் மேலே வராது. அவற்றுக்குச் சாச்சுரேஷனைத்தான் இறக்க வேண்டும். படம் முழுவதற்கும் இறக்கினால் பின்னணி இலைகளும் செத்துப்போகும்.

மற்ற கேள்விகள்:

கேமராவில் அடோபி ஆர்ஜிபி வைத்தால் ரா மேம்படுமா? ரா தரவு மாறாது. கேமரா உருவாக்கும் ஜேபெக்கும் முன்னோட்டமும்தான் மாறும்.

போட்டிக்கு அடோபி ஆர்ஜிபியில் அனுப்பலாமா? கூடாது, ப்ரொஃபைலைப் படிக்காத மென்பொருளில் படம் வெளிறித் தெரியும்.

‘100 கோடி நிறங்கள்’ என்று விற்கும் மானிட்டர் வாங்கலாமா? அந்த எண் படிகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது, நிறங்கள் எவ்வளவு அழுத்தமாக வரும் என்பதைச் சொல்வதில்லை.

எக்ஸ்போர்ட் செய்யும்போது ப்ரொஃபைலை நீக்கினால் கோப்பு சிறிதாகுமே? சில கிலோபைட் மிச்சமாகும், நீக்காதீர்கள்.

போனில் பார்த்தால் நிறம் ஏன் மாறுகிறது? பல போன்கள் ‘விவிட்’ அமைப்பில் நிறத்தை ஏற்றிக் காட்டும். ‘நேச்சுரல்’ அமைப்புக்கு மாற்றிப் பாருங்கள்.