வார இறுதி வசூல் (தமிழ்த் திரைப்படங்கள்)

வார இறுதி வசூல் என்பது வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களில் ஒரு திரைப்படத்துக்குத் திரையரங்குகளில் விற்ற டிக்கெட்டுகளின் மொத்தத் தொகை ஆகும். அந்த வாரம் வெளியான புதுப்படத்துக்கும், முந்தைய வாரங்களிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் படத்துக்கும் இது தனித்தனியே கணக்கிடப்படுகிறது. பண்டிகைப் படங்கள் முன்னதாகவே வந்துவிடுவதால் இந்த மூன்று நாள் ஐந்து நாளாக நீள்வதும் உண்டு. 2023 பொங்கலுக்கு 'வாரிசு', 'துணிவு' இரண்டும் ஜனவரி 11, புதன்கிழமை வெளியாயின. இப்படிப்பட்ட ஐந்து நாள் வசூலை வேறொரு படத்தின் மூன்று நாள் வசூலோடு ஒப்பிடுவது செய்திகளில் அடிக்கடி காணப்படும் பிழை.

பிலிம் பெட்டி காலத்தில் இந்தக் கணக்குக்குப் பெரிய மதிப்பில்லை. பிரதிகள் குறைவு, நகரத்தில் ஓடி முடிந்த பிறகே பெட்டி சிற்றூர்க் கொட்டகைக்குப் போகும். எனவே வெற்றியை நாட்களால் அளந்தார்கள். 1944இல் வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. டிஜிட்டல் திரையிடல் வந்தபின் எல்லா ஊரிலும் ஒரே நாளில் படம் வெளியாகிறது. வசூலின் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே வந்துவிடுகிறது.

ஏரியாக்களும் மரக்காணம் கடற்கரையும்

தமிழ்நாட்டு வசூல் 'ஏரியா' வாரியாகப் பார்க்கப்படுகிறது: சென்னை நகரம், செங்கல்பட்டு, வட–தென் ஆற்காடு, சேலம், கோவை, திருச்சி–தஞ்சை, மதுரை–ராமநாதபுரம், திருநெல்வேலி–கன்னியாகுமரி. தென் ஆற்காட்டிலிருந்து விழுப்புரம் 1993இலேயே தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. சினிமா வணிகத்தில் மட்டும் பழைய பெயர் மறையவில்லை. தனி ஒன்றியப் பகுதியான புதுச்சேரியும் இந்த ஏரியாவிலேயே சேர்க்கப்படுகிறது.

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளக் கடற்கரையும் இதில் அடங்கும். இங்கிருந்து ஒருவர் புதுச்சேரிக்கோ திண்டிவனத்துக்கோ போய்ப் படம் பார்த்தால், அந்த டிக்கெட் அந்த ஊர்த் திரையரங்கின் கணக்கில்தான் ஏறும். சினிமாக்காரர்கள் 'சி சென்டர்' என்று சொல்லும் சிற்றூர்களின் ரசிகர்கள் இவ்வாறு கணக்கில் இருந்தும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பருவமும் முக்கியம். உப்பு விளைச்சல் ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து வடகிழக்குப் பருவமழையோடு நின்றுபோகும். தீபாவளி வருவதோ அந்த மழைக்காலத்தில். அப்போது உப்பளத்தில் வேலை இருக்காது. கோடை விடுமுறைப் படங்கள் வரும் நாட்களில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். ஆக, சினிமாவின் இரண்டு பெரிய பருவங்களும் இந்தக் கரையில் ஏதோ ஒரு தொழிலுக்குக் கையில் காசில்லாத பருவங்கள். சென்னையின் முதல் வார இறுதியை வைத்து ஊர்ப்புறத்தைக் கணிப்பது இதனால்தான் தவறிப்போகிறது.

மொத்த வசூலும் பங்கும்

செய்தியில் வரும் தொகை பெரும்பாலும் மொத்த வசூல். அதில் ஜி.எஸ்.டி.யும் (100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீதம்) உள்ளாட்சி கேளிக்கை வரியும் கழியும். மிஞ்சுவதைத் திரையரங்கும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்வார்கள். விநியோகஸ்தரின் கைக்கு வருவதே 'ஷேர்'. முதல் வாரத்தில் அவருக்குப் பெரும்பங்கு. வாரங்கள் செல்லச் செல்லத் திரையரங்கின் பங்கு கூடும். பெரிய ஓபனிங் தயாரிப்பாளருக்கு ஆதாயம் என்றால், மூன்றாம் வாரமும் நின்று ஓடும் படம் திரையரங்குக்காரருக்கு ஆதாயம். படங்கள் 8 வாரம் கழித்தே ஓ.டி.டி.க்குப் போகவேண்டும் என்று திரையரங்க உரிமையாளர்கள் கேட்டுவருவதற்கும் இதுவே காரணம்.

விநியோகஸ்தர் 'மினிமம் கேரன்டி' முறையில் வாங்கியிருந்தால், பேசிய தொகைக்குக் குறைந்த நட்டம் அவர் தலையில் விழும். 2014 டிசம்பரில் வந்த 'லிங்கா'வால் நட்டம் என்று கூறிய விநியோகஸ்தர்கள், 2015 ஜனவரியில் சென்னையில் உண்ணாவிரதம் இருந்து இழப்பீடு கேட்டனர்.

இரண்டாம் வார இறுதி

முதல் வார இறுதி பெரும்பாலும் நடிகரின் செல்வாக்கையும் திரைகளின் எண்ணிக்கையையும் காட்டும். பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை இரண்டாம் வார இறுதியே காட்டும். வசூல் பாதிக்குமேல் சரிந்தால், அடுத்த வெள்ளிக்கிழமை புதுப்படத்துக்காகப் படத்தைத் தூக்கிவிடுவார்கள், அல்லது பகல் காட்சிக்குத் தள்ளுவார்கள். 2025 மே 1 அன்று சூர்யாவின் 'ரெட்ரோ'வும் சசிகுமார், சிம்ரன் நடித்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் ஒன்றாக வந்தன. முதல் நாளில் பின்தங்கியிருந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி', வாய்வழிப் பேச்சால் வாரக்கணக்கில் ஓடியது. 2024இல் மலையாளப் படமான 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' தமிழ்நாட்டில் பிடித்துக்கொண்டதும் இதே வழியில்தான்.

எண்களின் நம்பகத்தன்மை

வட அமெரிக்காவில் காம்ஸ்கோர் நிறுவனம் திரையரங்குகளிலிருந்து நேரடியாக வசூல் விவரங்களைத் திரட்டுகிறது. தமிழ்நாட்டில் எல்லாத் திரையரங்குகளின் வசூலையும் வெளியிடும் பொதுவான அமைப்பு இல்லை. தயாரிப்பு நிறுவனத்தின் போஸ்டரும் வணிகக் கண்காணிப்பாளர்களின் மதிப்பீடுமே கிடைப்பவை. இரண்டும் ஒத்துப்போவது அரிது. ஒரு தொகையைக் காணும்போது அது தமிழ்நாட்டு வசூலா உலக வசூலா, மொத்தமா ஷேரா, எத்தனை நாளுக்கானது என்று முதலில் பார்க்கவேண்டும்.